கற்பூரத்தை அணைத்த இரண்டு பேர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற தங்கச்சிகளுக்கு அக்காவின் வணக்கம். குவாரிப் பெண்களோடு வேலை செய்த அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். காலையில் விளக்கேற்றி, கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் சங்க வேலைக்குக் கிளம்பிய ஆள். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அக்காமார்கள் எழுதிக் கொடுத்ததையும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சம்பவத்தின் முடிவிலும், ஆகவே நீங்கள் இப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு அந்த வரி வரவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். நான் சொல்லப் போகிற விஷயத்தில் நாங்கள் ஜெயித்தோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எதனால் ஜெயித்தோம், அது சரிதானா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் படித்தவர்கள். உங்களுக்குப் பிடிபட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கல் குவாரி. பக்கத்திலேயே ஜல்லி உடைக்கிற கிரஷர். மதியம் பாறைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் சைரன் அடிக்கும். அடித்ததும் எல்லோரும் வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஆண்கள் ரோட்டோர டீக்கடைக்குப் போவார்கள். பெண்கள் ஏரிக்கரைச் செல்லியம்மன் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். வெடித்து முடிந்து, வெடிக்காமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சைரன் கொடுப்பார்கள். அதுவரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்தப் பெண்களை யாரும் வேலை ஏவாமல் சும்மா உட்காரவிடுகிற நேரம் நாளுக்கு அது ஒன்றுதான். எங்கள் சங்கம் அந்த நேரத்தில்தான் உண்டானது. நான் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் தலையில் சுற்றிய துணியை அவிழ்த்து, முகத்தில் படிந்த கல்மாவைத் துடைத்துக்கொண்டு வந்து சேருவார்கள்.

ஆரம்பத்தில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கன்னத்தில் வீக்கத்தோடு வருவார்கள், கேட்டால் கல் தெறித்தது என்பார்கள். முதலில் பேசியவள் பச்சையம்மா. கிரஷரில் கூடை தூக்குகிறவள், எப்போதும் வெற்றிலையை மென்றுகொண்டே இருப்பாள், பெரிய உடம்பு, பெரிய குரல்.

"யக்கா, எங்கூட்டாரு நேத்து குடிச்சிட்டு வந்து அடிச்சாரு. நானும் திருப்பி ஒண்ணு வெச்சேன். அதுக்கு எதுனா செக்சன் கீதா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களாகவே ஒரு வழியும் வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால் அந்த லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் போய் அந்த வாசலில் நிற்க வேண்டியது. உள்ளே நுழைய வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம், நின்றால் போதும். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் கை ஓங்க எந்த ஆம்பளைக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதில் நிறைய அடி குறைந்தது.

வீட்டுக்குள் நடப்பதற்கு அது உதவியது. வேலை இடத்தில் நடப்பதற்கு எங்களிடம் வழி இல்லை.

மல்லிகா என்று ஒருத்தி, கல் பொறுக்குகிறவள். அவள் புருஷன் அதே குவாரியில் பாறையில் துளை போடுகிறவன். அதிகம் பேசாதவன். குவாரி கொடுத்த லைன் வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் எல்லோரும் போன பிறகு மல்லிகா கோயில் வாசலில் தங்கிவிட்டாள். சில நாளைக்கு முன்னால் சைரன் அடித்தபோது தண்ணிக் கேனை எடுக்கத் தகரக் கொட்டகைக்குள் போயிருக்கிறாள். அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தியிருக்கிறார். சுற்றிலும் ஆள் இல்லை, இருக்கவும் கூடாது. கத்தினாலும் வெடிச் சத்தத்தில் கேட்காது. அவர் கையைக் கடித்துவிட்டு, பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். புறங்கையில் தகரம் கிழித்த காயத்தைக் காட்டினாள்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அக்கா எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒரு பெண் வந்து சொன்னால் முதலில் நம்பு, கேள்வியைப் பிறகு வைத்துக்கொள். இன்னொன்று, நடந்த நாளையும் நேரத்தையும் ஊருக்குள் விடாதே, விட்டால் அந்த ஆள் அதற்குத் தோதாக ஒரு கதையோடு வந்து நிற்பான். அதனால் நாள் எது என்று மல்லிகாவிடம் தனியாகக் கேட்டேன். கலெக்டர் ஆபீசில் இதற்கென்று ஒரு புகார்க் கமிட்டி இருக்கிறது, அங்கே எழுதும்போது சொன்னால் போதும், அந்த நாளை மட்டும் இப்போது உன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்று நாளைச் சொன்னாள்.

அது நானும் பச்சையம்மாவும் திருக்கழுக்குன்றம் மலை ஏறிய நாள். பச்சையம்மா மகளுக்கு வெகு காலமாகக் குழந்தை இல்லை, அதற்கு வேண்டுதல். நாங்கள் படியேறிப் போய், தீபாராதனைக்குக் கண்ணை மூடி நின்ற நேரமும் மல்லிகா தகரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு என் மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னவோ போல் இருக்கிறது.

மறுநாள் மல்லிகா எல்லோர் முன்னாலும் சொன்னாள். நாளைச் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொன்னாள். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் கொதிக்கவில்லை.

"மேஸ்திரி மேல இதுவரிக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லியே."

"வருசா வருசம் ஆடிக்கு கூழு ஊத்தற மனுசன்டி."

"யம்மா, தாயின்னுதான நம்மள கூப்புடுவாரு."

"கதவ சாத்தும்போது அப்டி கூப்புடல," என்றாள் மல்லிகா.

அந்த மேஸ்திரியை எனக்கும் தெரியும். நெற்றி நிறைய விபூதி. கோயிலுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தவர். என்னைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுவார். நான் மல்லிகாவை நம்பினேன். நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் சைரன் அடித்து நாங்கள் கோயிலில் கூடியிருந்தபோது நேராக வந்துவிட்டார். கூடவே மல்லிகாவின் புருஷன். மேஸ்திரி கையில் கற்பூரப் பொட்டலம்.

"இன்னா சங்கத்தம்மா, எம்பேரு நல்லா நாறுதாமே. எனக்கு வக்கீலு, ஆபீசு எதும் வோணாம். அம்மா கீறா. அவ முன்னாடி அணைக்கறேன். அதோட முடிச்சுக்கலாம்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒருவர் மேல் பழி வந்தால், அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைப்பார். அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது. பழி சொன்னவர் அவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. அதனால் தப்புச் செய்தவன் அந்தத் தட்டின் பக்கமே வர மாட்டான் என்பார்கள்.

நான் மல்லிகாவின் புருஷனைப் பார்த்து, "தம்பி, இது கோயில்ல தீர்க்கற விஷயம் இல்ல. எழுதிக் குடுக்க வேண்டிய விஷயம்," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அவரு அணைச்சிட்டாருன்னா இவ அவங்கம்மா வூட்டுக்குப் போயிடட்டும். அணைக்காங்காட்டி நான் பாத்துக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா."

பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சட்டம் சொல்கிறதைச் சொல்லி நான் எழுந்து நின்றிருக்கலாம். ஆனால் அவர்கள் நம்புகிற அதே அம்மனை நானும் நம்புகிறேன். இந்த ஆள் தொட மாட்டான், கை நடுங்கும், பின்வாங்குவான், எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை ஓடியது. மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அந்த ஆசை இருந்த மாதிரிதான் தெரிந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பூசாரி தட்டை எடுத்து வந்துவிட்டார்.

மேஸ்திரி கற்பூரத்தை ஏற்றினார். "இந்தப் பொண்ண நான் தொட்டதில்ல. கொட்டாய் பக்கமே போனதில்ல. பொய்யின்னா எங்கண்ணு ரெண்டும் போவட்டும்," என்றார். பளீரென்று அடித்து அணைத்தார். கை நடுங்கவே இல்லை. அணைத்த கையாலேயே விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார்.

அம்மன் முகத்தைப் பார்த்தேன். எண்ணெய் பூசின முகம், எப்போதும் போலவே இருந்தது.

"கெளம்பு," என்றான் புருஷன்.

மல்லிகா நகரவில்லை. "கும்புட்டுட்டுப் போம்மா, ஒண்ணும் ஆவாது," என்று ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அத்தனை பேருக்கும் விஷயம் முடிந்துவிட்டது.

அப்போது பச்சையம்மா வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"பூசாரி, இன்னும் கற்பூரம் கீதா, தீந்துபூடுச்சா?"

"உனக்கு இன்னாத்துக்கு?"

"ஏன், இன்னிக்கி ஆம்பளைக்கு மட்டுந்தானா?"

தட்டை அவளே வாங்கிக் கீழே வைத்து, ஏற்றினாள். "இவன் மல்லிகாவ கொட்டாய்க்குள்ள தள்ளி கதவ சாத்துனத நான் எங்கண்ணால பாத்தேன்," என்றாள். சொல்லும்போது என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அணைத்தாள்.

அவள் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் அன்றைக்கு என்னோடு மலைமேல் இருந்தாள். ஆனால் மல்லிகா எனக்கு மட்டும் சொன்ன நாள் எது என்று அவளுக்குத் தெரியாது. தான் வேலைக்கு வந்த ஏதோ ஒரு நாள் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைத் துணிந்து சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் மல்லிகா பிழைக்க மாட்டாள். திறக்காவிட்டால் அம்மன் முன்னால் சொன்ன பொய்யில் எனக்கும் பங்கு. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் முடிவெடுப்பதற்குள் மேஸ்திரி கத்தினார். "இன்னாடி பொய் சொல்ற? அன்னிக்கி நீ வேலைக்கே வரல. மலைக்குப் போறேன்னு எங்கையிலதான லீவு கேட்டுகினு போன?"

பச்சையம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகாவும் பார்த்தாள்.

மல்லிகாவின் புருஷன் மட்டும் மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னிக்கி மேஸ்திரி?" என்றான்.

"இன்னாது?"

"அன்னிக்கி வரலன்றியே. என்னிக்கி?"

"அதாம்பா, இவ சொல்றாளே, அன்னிக்கி."

"இவ நாளே சொல்லலியே. எங்கையிலயே சொல்லல."

மேஸ்திரி ஏதோ சொல்ல வந்தார். பூசாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலை நேரத்துல இன்னா பேஜாரு இது," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இரண்டாவது சைரன் அடித்தது. எப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் எழவில்லை. கிரஷர் வெறுமனே ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதை நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எழுந்து வரும்போது, நாளைக்கு எல்லோருமாகச் செங்கல்பட்டுக்குப் போய் எழுதிக் கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். மல்லிகாவின் புருஷன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தான்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் நல்ல அனுபவக் கட்டுரையாக இருந்திருக்கும். அம்மனே அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிவிட்டாள் என்று ஊரில் இப்போதும் சொல்கிறார்கள். நானும் அப்படி நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் மறுநாள் பஸ்ஸில் பச்சையம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வெற்றிலை போடவில்லை.

"யக்கா, அம்மன் என்னிய இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. நீ மல்லிகாவுக்காகத்தானே சொன்ன."

"அது எனக்குத் தெரியும். அம்மனுக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எம்பொண்ணுக்கு வேண்டிகினு வந்து மாசம்கூட ஆவல. அதுக்குள்ள அவ முன்னாடியே பொய் சொல்லிட்டேன். எம்மேல இருக்கிற கோவத்த எம்பொண்ணு மேல காட்டிட்டா இன்னா பண்றது?"

பொய்யாக அணைத்தவன் கண் அப்படியே இருக்கிறது. அதே தட்டில் பொய்யாக அணைத்த இவள் பயந்து சாகிறாள். இரண்டும் ஒரே பொய்தானா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் செய்யத் தெரிந்தது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மனு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல, மல்லிகாவே எழுதினாள். நடந்ததை எழுதியானதும், "இப்ப நேத்து கோயில்ல நடந்தத எழுது. அவரு வாயாலயே நாள ஒத்துக்கிட்டத எழுது. இத்தனை பேரு கேட்டிருக்கோம். அதவிட பெரிய பலம் நமக்கு இல்ல," என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டாள்.

"அது வேணாங்க்கா."

"ஏம்மா?"

"நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. கூழு ஊத்தறவருன்னாங்க. அவரு அணைச்சதும் கும்புட்டுட்டுப் போன்னாங்க. பச்சையம்மாக்கா ஒரு பொய் சொல்லி, அதுல அவரு வாய் தவறி, அப்பறம்தான் நம்புனாங்க. எங்கூட்டுக்காரரும் அப்பறம்தான் நம்புனாரு. அவரு வாய் தவறலன்னா நான் இன்னேரம் எங்கம்மா வூட்டுல இருப்பேன்." குரலை உயர்த்தவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் சொன்னது அன்னிக்கும் நெசந்தான?"

"நெசந்தான்."

"நீயாவது நம்புனியாக்கா? அவரு கற்பூரத்த ஏத்தும்போது நீயும் அவரு கையத்தான பாத்துகினு இருந்த?"

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம்பாமல் பார்த்தேனா, நம்பிவிட்டு அம்மனும் சொல்லட்டும் என்று பார்த்தேனா? இன்று வரைக்கும் அதை எனக்கு நானே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கமிட்டி விசாரித்தது. கோயிலில் நடந்ததை மற்ற பெண்கள் அவரவர் விசாரணையில் அவர்களாகவே சொன்னார்கள். அது மல்லிகாவுக்கும் தெரியும். அவர்களைத் தடுக்கவில்லை. பச்சையம்மாவை மட்டும் யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. மேஸ்திரியை வேலையை விட்டு எடுத்தார்கள். இப்போது அவர் மதுராந்தகம் பக்கம் வேறு ஒரு குவாரியில் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் பெண்கள் கல் பொறுக்கத்தான் செய்கிறார்கள். உங்களில் சிலர் அந்தப் பக்கம்தான் போகப் போகிறீர்கள். பச்சையம்மா ஆடி மாதம் தலையில் கூழ்ப் பானை சுமந்து கோயிலைச் சுற்றி வருகிறாள். மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. நான் பச்சையம்மா பேரில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போதெல்லாம் எதைச் சொல்லி வேண்டுவது என்று தெரியாமல் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.

மனு எழுதிய அன்றைக்கு உள்ளே கூப்பிட்டதும் நானும் மல்லிகாவோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கமிட்டி மேடம். மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாராவது பார்த்தாங்களாம்மா?"

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கோயிலும் கற்பூரமும் வாய் தவறியதும் எல்லாமே வந்து நின்றது. மல்லிகா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல மேடம். யாரும் பாக்கல. அங்க அவரும் நானும்தான் இருந்தோம்," என்றாள். "நான் சொல்றேன்."

மேடம் மனுவை ஓரமாக நகர்த்தி வைத்தார். நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு. மொதல்லேருந்து சொல்லு. அவசரம் இல்ல."

என்னை வெளியில் இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னக்கா ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார்கள். நான் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. மல்லிகா பேசுகிற சத்தம் வெளியே கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். நடுவில் ஒரு தடவை நின்றது, நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்தோம். மறுபடியும் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வெகு நேரம் நிற்கவே இல்லை.